ஐந்தாம் அறைக்குத் தண்ணீர்

அலுமினியத் தூள் படிந்த தலையணை உறையை எத்தனை முறை துவைத்தாலும் முழுசாக வெளுக்காது, ஐயா. எங்கள் ராபன்பாக்கில் எந்த வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தாலும், உறையில் தலை வைக்கும் இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் தெரியும். அதை எண்ணியே அந்த வீட்டிலிருந்து ஆலைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. என் உறையில் இன்னும் அந்த வட்டம் இருக்கிறது.

காலை பஸ்ஸில் நியூரம்பெர்க் வந்தேன். இந்த நீதிமன்றக் கட்டிடத்துக் கீழ்வாசலில் காவலில் இருந்தவர் எதைப் பற்றி என்று கேட்டார். பழைய விஷயம் என்றேன். பழைய விஷயமென்றால் தபாலில் எழுதிப் போடுங்கள் என்றார். எழுதிப் பார்த்தேன், ஐயா, வரவில்லை. பேசினால் வரும். எனக்குப் பேசிப் பழக்கம். நான் சொல்வதை இந்தப் பெண் அப்படியே தட்டச்சு செய்யட்டும், அவசரமில்லை.

பெயர் லோரென்ஸ் ஹெர்டேகன். வயது அறுபத்தொன்பது. 1968 அக்டோபர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ராபன்பாக் தூள் ஆலையில் நான்கு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களுடைய தலைவன் ஆல்பின் பிர்னர் என் மருமகன். என் மகள் ரோஸ்விதாவின் கணவன். விசாரணையில் எல்லாப் பழியும் அவன் தலையில் விழுந்தது. அந்தக் கோப்பு உங்கள் கட்டிடத்தில்தான் எங்கோ கிடக்கும். அதை எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் என் வாக்குமூலம் இரண்டு பக்கம் இருக்கும். அது சரியில்லை.

தூளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

கையில் அள்ளினால் கனமே தெரியாது. எல்லாம் மெல்லிய செதில்கள். இரும்பு உருளைக்குள் எஃகுக் குண்டுகளோடு அலுமினியத் துணுக்குகளைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவோம். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் மெழுகு. வெளியே வருவது வெள்ளிப் பொடி. இந்த அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பூசிய பெயின்ட்டில் இருப்பது அதுதான். சாக்லேட் பெட்டியில் வெள்ளி எழுத்து, கிறிஸ்துமஸ் மத்தாப்பு, தெருவில் நிற்கும் வெள்ளிநிறக் கார், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வீடு கட்டும் லேசான கான்கிரீட்டில்கூட ஒரு பிடி கலப்பார்கள். புளித்த மாவு மாதிரி உப்பிக்கொண்டு வரும். உலகத்தில் பாதிப் பொருளுக்குப் பளபளப்புக் கொடுப்பது நாங்கள். ஆனால் யாருக்கும் எங்களைத் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்த உலோகத்துக்குக் காற்றின்மேல் பெரும் பசி. கட்டியாக இருக்கும்போது தெரியாது. மேலே கண்ணுக்குப் புலப்படாத ஒரு தோல் கட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். பொடியாக்கினால் ஒவ்வொரு செதிலும் தனக்கென்று ஒரு தோல் கட்டியாக வேண்டும். மூடிய உருளைக்குள் அதற்கு வேண்டிய காற்று இல்லை. அதனால் உருட்டி முடித்ததும் மூடியைத் திறந்துவிடக் கூடாது. ஒரு விரல் அளவு தளர்த்தி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். மூச்சுவிட வைப்பது என்று நாங்கள் சொல்வோம். விடிந்தால் தோல் கட்டியிருக்கும், சூடும் ஆறியிருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் பட்டினி கிடந்தவன் சாப்பிடுவது போல மொத்தக் காற்றையும் ஒரே வாயில் விழுங்கித் தீப்பிடிக்கும்.

பிடித்தாலும் பெரிய ஆபத்தில்லை, ஐயா. இதைத்தான் யாரும் நம்புவதில்லை. ஒவ்வோர் உருளையும் தனி அறையில் இருக்கிறது. மூன்று பக்கம் தடித்த சுவர், ஆற்றுப் பக்கம் மட்டும் மெல்லிய சுவர். உள்ளே ஏதாவது வெடித்தால் ஆற்றோடு போகட்டும் என்று கட்டியது. தீப்பிடித்தால் நீண்ட பிடி வைத்த மண்வெட்டியால் காய்ந்த மணலை மெதுவாகப் போட வேண்டும். வீசக் கூடாது. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவது போலப் போட வேண்டும். பிறகு இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து காப்பி குடிக்கலாம். கொஞ்ச நேரம் கண் கூசும்படி வெள்ளையாக எரியும், மேலே ஓடு கட்டும், சாயங்காலத்துக்குள் தானே அடங்கிவிடும்.

தண்ணீர் மட்டும் கூடாது. கொதிக்கிற அலுமினியம் தண்ணீரைப் பிய்த்து அதிலிருக்கும் காற்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எரிவாயுவாக வெளியே விடும். அது ஒன்று. அதைவிட மோசம், குழாயிலிருந்து பாயும் வேகத்தில் தரையிலும் உத்தரத்திலும் பல வருடமாகப் படிந்த தூளெல்லாம் மேலே கிளம்பிவிடும். படிந்து கிடக்கிற தூளுக்கு நாங்கள் பயப்பட மாட்டோம். கிளம்பிய தூளுக்குத்தான் பயப்படுவோம். அதனால்தான் ஆலையில் நுழைந்த முதல் நாளே மூன்று விஷயம் சொல்லிக்கொடுப்பார்கள். ஓடாதே, கத்தாதே, வீசிப் பெருக்காதே.

ராபன்பாக்கில் தீயணைப்பு என்றால் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இல்லை. தச்சர், தபால்காரர், பேக்கரிக்காரர், எல்லாரும் ஊர்க்காரர்கள். சங்கு ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறுவார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் நெருப்பைக் கண்டால் அவர்கள் கை குழாயைத்தான் தேடும். அதனால் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். சங்கு ஊதியதும் மற்றவர்களெல்லாம் முற்றத்தில் போய் நிற்க, ஒருவன் மட்டும் வாசலுக்கு நடந்துபோய், நடுப்பாதையில் நின்று, வருகிற வண்டியை நிறுத்தி, தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவன் வேலை அவ்வளவுதான். 1946 முதல் அந்த ஆள் நான்.

இருபத்திரண்டு வருடத்தில் ஆறு முறை சங்கு ஊதியது. ஆறும் சின்னத் தீ. ஆறு முறையும் நான் போய் நின்றேன், வண்டி நின்றது, வீரர்கள் இறங்கிச் சிகரெட் பிடித்தார்கள், தீ தானாக அணைந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காமலிருப்பதுதான் என் வேலை என்று யாருக்குப் புரியும். மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பாடம் எடுப்பேன். முதலில் எல்லாரும் வந்தார்கள். பிறகு பாதிப் பேர். கடைசியில் பீர் இலவசம் என்று அறிவித்தால்தான் ஆள் வந்தது. எனக்கு ஒரு பெயரும் வைத்தார்கள், மணல் பாஸ்டர். மதுக்கடையில் நான் நுழைந்தால் யாராவது ஒருவன், “பாஸ்டர் வந்துட்டாரு, பிரசங்கம் ஆரம்பிக்கறதுக்குள்ள கோப்பைய காலி பண்ணுங்கடா” என்பான். நானும் சிரித்துவிடுவேன். என்ன செய்வது, ஊர்க்காரர்கள்.

ஆல்பினைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த தச்சன். ஆலைக்குள் வேலை பார்த்தவன் இல்லை. நல்ல கை, நல்ல குரல், கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைப்பான். ரோஸ்விதா அவனைப் பார்த்த நாளிலிருந்து வேறு யாரையும் பார்க்கவில்லை. முப்பது வயதில் அவனைத் தலைவனாக்கினார்கள். அவன் வந்தபிறகுதான் ஊர் கூடிப் பணம் போட்டுப் புது வண்டி வாங்கியது. நிமிடத்துக்கு எத்தனையோ லிட்டர் தள்ளும் பம்ப். அதைத் துடைத்துத் துடைத்தே பெயின்ட் உரிந்துவிடும் என்று ரோஸ்விதா கேலி செய்வாள். எனக்கு அவன்மேல் விரோதம் இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு. உருளைக்கிழங்கு உருண்டையை என் மனைவி கையால் ஏழெட்டுத் தின்பான்.

அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது வண்டிக்கு ஆசீர்வாதம். சர்ச் பாஸ்டர் ஜெபம் செய்தார், பாண்டு வாத்தியம் வாசித்தார்கள், பிறகு கூடாரத்தில் பீரும் கெண்டை மீன் வறுவலும். எல்லாரும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டபிறகு ஆல்பின் மேசைமேல் ஏறினான். தலையில் ஒரு மணல் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, என்னைப் போலத் தோளைக் கூனிக்கொண்டு, என் மாதிரியே மெதுவாகப் பேசினான்.

“அன்பான சபையோரே, வீட்ல பால் பொங்குனா மணல் போடுங்க. பொண்டாட்டி கோவத்துல கொதிச்சா மணல் போடுங்க. மெதுவா, மெதுவா, வீசாதீங்க. தண்ணி மட்டும் வேண்டாம். தாகம் எடுத்தா பீர் இருக்கு.”

கூடாரம் இரண்டுபட்டது. ஆலையின் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி குனிந்துகொண்டாள். ரோஸ்விதா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, கோவிச்சுக்காதீங்கப்பா, தமாஷுக்குத்தானே” என்றாள். கோபமில்லை என்றேன். சிறுவயதில் அவளுக்கு ஆலை விதி மூன்றையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தப்புகூட இல்லாமல் திருப்பிச் சொல்வாள். அவள் சிரித்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஐயா. அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் திங்கள்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். ஆலைக்குள் வாசல் ஆள் என்று ஒருவரை வைத்திருப்பதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு என்றார். வாசலில் ஒரு பெரிய பலகை எழுதி மாட்டிவிட்டால் போதும், தீயணைப்பு நிலையத்துக்கு நேர்த் தொலைபேசி வரப்போகிறது.

“நவம்பர் ஒண்ணுலேர்ந்து நீங்க பேக்கிங்ல லேபிள் ஒட்டலாம், ஹெர்டேகன். உக்காந்து பாக்கற வேலை. பிர்னரும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டாரு” என்றார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஆல்பினின் கையெழுத்துதான். தேதி செப்டம்பர் இருபது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே இயக்குநர்தான் அந்த வருடம் உருளைக்கு மூச்சுவிட ஓர் இரவு எதற்கு, இரண்டு மணி நேரம் போதும் என்று உத்தரவு போட்டிருந்தார். கார் கம்பெனிக்காரர்கள் சரக்கு கேட்டு நெருக்கினார்கள். நான் ஆட்சேபித்தேன். அதுவும் பிரசங்கக் கணக்கில் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது தாண்டி கஸ்பர் என்ற தொழிலாளி ஐந்தாம் அறை உருளையைத் திறந்தான். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. தீப்பிடித்தது. கை வெந்துபோனாலும் புத்தி பதறாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினான். பழைய ஆள், விதி தெரிந்தவன். உள்ளே அரை உருளைத் தூள் எரிந்துகொண்டிருந்தது. அறையில் மணலும் இருந்தது. மற்றவர்கள் வரிசையாக முற்றத்துக்கு நடந்தார்கள். நான் சிவப்புக் கைப்பலகையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. ஐந்தாம் அறைக் கூரையின் இடுக்கில் வெள்ளைப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்குள் அடங்கிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

புது வண்டி வந்தது. நான் நடுப்பாதையில் நின்றேன். வண்டி நின்றது. ஆல்பின் இறங்கி வந்தான். பிறகு ஏறி உள்ளே போனான். ஓட்டுநர் பம்பை ஆற்றங்கரையில் நிறுத்தினார். நான்கு பேர் குழாயை இழுத்துக்கொண்டு ஐந்தாம் அறைக் கதவைத் திறந்தார்கள். ஆல்பின்தான் முனையைப் பிடித்திருந்தான். பின்னால் பேக்கரிக்காரர் மகன், தபால்காரர், பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்.

முற்றத்திலிருந்து கஸ்பர் வெந்த கையைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தது தெரிந்தது. தூரம் அதிகம். தவிர அவனுக்கும் கத்திப் பழக்கமில்லை.

சத்தம் நினைப்பது போல அவ்வளவு பெரிதில்லை. முதலில் ஒன்று, சின்னது. ஒரு மூச்சு விட்டு இரண்டாவது. ஆற்றுப் பக்கச் சுவர் அதன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆற்றில் போய் விழுந்தது. ஆனால் கதவு திறந்திருந்ததே. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்து யாரும் அந்த அறையைக் கட்டவில்லை. ஊர் முழுக்க வெள்ளியாகப் படிந்தது. ஆப்பிள் மரங்கள், கூரைகள், கொடியில் காய்ந்த துணி. சாயங்காலம் வரை படிந்துகொண்டே இருந்தது.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். தண்ணீர் வேண்டாம் என்று கத்தினேன், பிர்னர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். உங்கள் கோப்பில் இருப்பது இதுதான். வண்டி ஓட்டுநர் பிழைத்துக்கொண்டவர். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை, ஆனால் ஹெர்டேகன் கையைத் தூக்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. கையைத் தூக்கினேன். ஐந்தாம் அறை எது என்று காட்டத் தூக்கினேன்.

நான் கத்தினேன் என்று சொன்னபோது சாட்சி பெஞ்சிலிருந்த கஸ்பர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் நான் குரல் உயர்த்தி அவன் கேட்டதில்லை. ஆலைக்காரன் எவனும் தீப்பக்கத்தில் கத்த மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியாது. கஸ்பர் ஒன்றும் சொல்லவில்லை. உருளையை நேரத்துக்கு முன்னால் திறந்தது அவன். அதைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வசந்தத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான்.

தீர்ப்பில் எழுதினார்கள், தலைவனின் அகம்பாவம், எச்சரிக்கையை மதிக்காதது. கூடாரத்தில் வாளி கவிழ்த்துக்கொண்டு ஆடியதைச் சாட்சிகள் வரிசையாக வந்து சொன்னார்கள். விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான் சொன்னார்கள். தீயணைப்பு நிலையத்து முன்னால் கல் வைத்தார்கள். கல்லில் மூன்று பெயர். ஆல்பின் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு வாசல் எனக்கே திரும்பி வந்தது. பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. இயக்குநர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உருளைக்கு மறுபடி ஓர் இரவு முழுக்க மூச்சுவிட நேரம் கொடுத்தார்கள். மாவட்டம் முழுக்கத் தீயணைப்பு நிலையங்களிலிருந்து பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பீர் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. எள் போட்டால் விழாத கூட்டம், ஐயா, ஆனால் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு பாடத்தையும் ஒரே மாதிரி முடிப்பேன். என் சொந்த மருமகனே கேட்கவில்லை, விளைவு உங்களுக்குத் தெரியும் என்பேன். சில பெண்கள் அழுவார்கள். இந்தப் பதினொரு வருடத்தில் மாவட்டத்து ஆலைகளில் ஏழு முறை தீப்பிடித்தது. ஏழு முறையும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ஒருவரும் சாகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். நான்கைவிட அதிகம்.

ரோஸ்விதாதான் கஷ்டம். முதல் பாடத்துக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, “நான் அன்னிக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்கப்பா” என்றாள். மன்னித்தேன். அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பேக்கரிக்காரர் மனைவி அவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். அதனால் என் மகள் ரொட்டிக்குப் பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போகிறாள், மழையிலும் பனியிலும். என் மனைவி போனபிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவள்தான். சாப்பிடும்போது நடுவில் நிறுத்திவிட்டு, “உங்க பேச்ச அவரு கேட்டிருந்தா இந்நேரம் இங்க உக்காந்திருப்பாருல்லப்பா” என்பாள். ஆமாம் என்பேன். எத்தனை ஞாயிறு என்று எண்ணவில்லை. சலித்துவிட்டது, ஐயா. குற்ற உணர்ச்சி என்று நீங்கள் எழுதுவீர்கள். அந்த வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. சலிப்பு என்றே எழுதுங்கள்.

இந்த வருடம் எங்கள் தீயணைப்புக் குழுவுக்கு நூறாவது ஆண்டு. புதுக் கல் வைக்கப்போகிறார்கள். இளைஞர்கள் சிலர், போதும் விடுங்கள், பிர்னர் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று சொன்னார்களாம். போன ஞாயிறு ரோஸ்விதா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குழுவுக்கு அவள் எழுதியது. என் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டாம், மற்ற மூன்று குடும்பங்களின் மனசு புண்படும், அவர் செய்த தவறை நான் அறிவேன் என்று இருந்தது.

“ஏதாவது தப்பு இருந்தா திருத்திக் குடுங்கப்பா” என்றாள்.

படித்தேன். எழுத்து அழகு. ஓர் இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டுக் கொடுத்தேன். அவள் பாத்திரம் கழுவப் போனாள். மிச்சமிருந்த உருண்டையை என்னால் சாப்பிட முடியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பஸ் ஏறினேன். நாளைக்குத்தான் அந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறாள். அதற்குள் இங்கிருந்து யாராவது அவளுக்குத் தொலைபேசி செய்ய முடியுமா என்று கடைசியில் கேட்கிறேன். என்னால் முடியாது. முப்பது வருடம் பாடம் எடுத்த வாய், அவள் முகத்தைப் பார்த்தால் திறக்கவில்லை.

ஆகவே, நான் கத்தவில்லை. இது முதல் திருத்தம். மௌனமாக நின்றேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மௌனத்தைப் பெரிய குற்றம் என்று சொல்ல முடியாது அல்லவா. நவம்பரிலிருந்து லேபிள் ஒட்டப்போகிறவன் அக்டோபரில் ஏன் பேச வேண்டும். அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, கையெழுத்தே போட்டாயிற்றே. களைத்துப்போன மனிதன் ஒருநாள் வாயை மூடிக்கொண்டான், அவ்வளவுதான் என்று நினைப்பேன். அப்படி நினைத்தால் தூக்கம் வரும்.

நான் மௌனமாகவும் நிற்கவில்லை.

வண்டி நின்றதும் ஆல்பின் குதித்து இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. கூடாரத்தில் பார்த்த ஆல்பின் இல்லை அவன். பின்னால் மூன்று பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், மதில் ஓரமாக ஊர் நின்று பார்த்தது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

“மாமா, ஞாயித்துக்கிழமை பண்ணதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. அந்தக் கையெழுத்து விஷயத்தையும் நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், வாய் வரல. எனக்கு இந்த எடம் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்றதுதான். தண்ணி அடிக்கலாமா, வேண்டாமா?”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, ஐயா. நானாகத்தான் சொல்லுவேன். கேட்டது அவன் ஒருவன்தான். நான் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவசரமில்லாமல் பார்த்தேன் என்று ஞாபகம் இருக்கிறது.

“தூளெல்லாம் காலையிலேயே எடுத்தாச்சு. கூரை மரம்தான் எரியுது. அஞ்சாம் அறை, அதோ. கதவ நல்லாத் திறந்துட்டு உள்ள போய் அடி” என்றேன்.

“சரி மாமா” என்றான்.

மறுபேச்சுப் பேசவில்லை. கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நான் கை காட்டிய திசையில் போனான். ஓடாமல் நடந்துதான் போனான். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று ஊரே சொல்கிறது, தீர்ப்பிலும் எழுதியிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கேட்டான். சொன்னதைச் சொன்னபடி கேட்டான். அன்றிலிருந்து எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை.